ஜன்னலோடு நின்றுபோன மலை

மும்பையிலிருந்து தெற்கே ஊருக்குப் புறப்படும் தமிழர் எல்லோருக்கும் கர்ஜத் ஸ்டேஷனைத் தெரியும். கல்யாணைக் கடந்து வந்த வண்டி அங்கே நின்று, போர்காட் மலைச் சரிவில் தன்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடும் துணை எஞ்சின்கள் வந்து பூட்டப்படும் வரையில் இளைப்பாறுகிற அந்தச் சில நிமிஷங்களில், பிளாட்பாரத்தில் சுடச்சுட விற்கும் வடையை வாங்கிக் குழந்தைகளின் கையில் கொடுப்பதும், வண்டி நகர்ந்து குகைக்குள் நுழைந்ததும் அந்தக் குழந்தைகள் இருட்டில் கூச்சலிடுவதும், ஆடி மாதமாக இருந்தால் கரும்பாறைகளின் தலையிலிருந்து வெள்ளை நூல்களைப் போல் இறங்கும் அருவிகளைப் பெரியவர்கள் "அதோ பார், அதோ பார்" என்று விரல் நீட்டிக் காட்டுவதும், லோணாவளா வந்ததும் எல்லோரும் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்ப்பதுமாக, மூன்று நான்கு தலைமுறைகளாக நாம் அந்த மலையைக் கடந்துகொண்டிருக்கிறோம். 1863-இல் அந்த மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எத்தனை லட்சம் தமிழர் அவ்வழியே போய் வந்திருப்பார்கள் என்று கணக்கிட முடியாது. அவர்களில் அந்த மலையின்மீது ஒரு தடவையாவது கால் பதித்து நடந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், வருகிற விடை வருத்தம் தருவதாகவே இருக்கும்.

வருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. போர்காட்டில் நாம் ஏறி இறங்கும் ஸஹ்யாத்திரி வேறு யாருடைய மலையும் அல்ல. தபதி நதிக்குத் தெற்கே தலையெடுத்து, மகாராஷ்டிரத்தையும் கோவாவையும் கர்நாடகத்தையும் தாண்டி, நீலகிரியாகவும் ஆனைமலையாகவும் பொதிகையாகவும் பல நாமங்கள் பூண்டு, கன்னியாகுமரிக்கருகே கடலை எட்டிப் பார்த்து நிற்கும் சுமார் 1600 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே மலைத்தொடர் அது. அதன் 39 இடங்களை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக்காரர், தாமிரபரணி பிறக்கும் அந்தப் பொதிகையின் அடிவாரத்தை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தூரம் வந்துவிட்டதாக நினைத்து ஏங்குகிறார். உண்மையில் அவர் தம்முடைய மலையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வந்து இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாட்டுங்காவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்நாளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பாட்டு வகுப்பு, மாலையில் பஜனை அல்லது உபந்நியாசம். மலை என்றால் திருப்பதியும் பழனியும். தெய்வ தரிசனம் இல்லாத மலைக்கு ஒருவன் எதற்காக ஏற வேண்டும் என்று என் தகப்பனார் கேட்டார்; அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. மலைநிலத்துக்கே ஒரு தெய்வத்தை வைத்து, அந்நிலத்துக்கு அங்கே பூக்கும் ஒரு பூவின் பெயரையே சூட்டிய ஜாதி நம்முடையது. செம்பூரிலே சேடா நகர்ப் பக்கம் ஒரு சிறு குன்றைக் கண்டதும் அதன்மேல் முருகனுக்குக் கோயில் எடுத்துவிட்டோம். ஆனால் அந்தக் குன்றுக்கு அப்பால் இருந்த மலைகளை நம் பார்வையிலிருந்து விட்டுவிட்டோம் என்பதை, கல்லூரியில் உடன் படித்த மராட்டிய நண்பர் ஒருவர் ஒரு மே மாதத்தில் என்னை நேரலிலிருந்து மாதேரானுக்கு நடத்தி அழைத்துச் சென்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

கான்வாஸ் ஜோடும், தோளில் ஒரு துணிப்பையும், பித்தளைக் கூஜாவில் தண்ணீருமாகச் சிறு ரயில் பாதையை ஒட்டியே ஏறினோம். பாதி வழியில் ஒரு தாக்கர் ஆதிவாசிக் கிழவி, ஆலிலையைக் குவித்துத் தைத்த தொன்னையில் கறுத்த சிறு பழங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நண்பர் அவற்றைக் கரவந்தா என்றார். ஒன்றை வாயிலிட்டுக் கடித்ததும் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, புளிப்பும் துவர்ப்பும் கலந்த அந்த ருசி நாக்கைத் தொட்ட கணத்தில், அம்பாசமுத்திரத்தில் என் பாட்டி ஊறுகாய் போட்ட ஜாடி கண்முன் வந்து நின்றது. களாப்பழம்! பாட்டி வீட்டுப் பரணில் இருந்த வாசனை, ஆயிரம் மைலுக்கு அப்பால், தமிழே அறியாத ஒரு மலைக்கிழவியின் தொன்னையில் இருந்தது. நான் யாருடைய மலையில் நிற்கிறேன் என்பதை அந்தப் பழம் எனக்குச் சொல்லிற்று.

பிறகு அதே உண்மையை வேறு சில சாட்சிகளும் உறுதி செய்தன. ஸஹ்யாத்திரிச் சரிவுகளில் கார்வி என்று ஒரு புதர்ச்செடி கூட்டங் கூட்டமாக வளர்கிறது. அதன் தண்டுகளை நெருக்கிக் கட்டி மண் பூசித்தான் ஆதிவாசிகள் வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறார்கள். ஏழெட்டு வருஷங்களுக்கு ஒரு முறை மட்டும், மழைக்காலத்தின் கடைசியில், மலைச்சரிவு முழுவதும் அது ஊதா நிறமாகப் பூத்துக் காய்த்து மடிந்துபோகும். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை நீலகிரியிலும் மூணாற்றிலும் பூக்கும் நம் குறிஞ்சிக்கு அது நெருங்கிய சொந்தம். தாவர சாஸ்திரிகள் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். குறிஞ்சியைக் காணவென்று 2018-இல் மூணாற்றுக்கு யாத்திரை போன செம்பூர் அன்பர்களை நான் அறிவேன். அதன் சகோதரி மும்பையின் போரிவலிக் காட்டிலேயே பூக்கிறாள் என்பதை அவர்கள் அறியவில்லை.

மராட்டியருக்கு மலை ஏறுவது சரித்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கான ஒரு வழி. சிவாஜி மகாராஜாவின் கோட்டைகளில் பெரும்பாலானவை மலைமேல் இருப்பதால், கோட்டையைப் பார்க்கப் போகிற பள்ளிப் பிள்ளை தானாகவே காட்டையும் பள்ளத்தையும் மழையையும் பார்த்துவிடுகிறான். கோ. நீ. தாண்டேகரைப் போன்ற எழுத்தாளர்கள் ஆயுள் முழுவதும் கோட்டை கோட்டையாக நடந்து, அந்த அனுபவத்தை இலக்கியமாக்கித் தம் ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். 1954-லேயே இந்நகரில் 'கிரிவிஹார்' என்ற மலையேற்றச் சங்கம் தோன்றிவிட்டது. 1883-இல் பிறந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இங்கேதான் இருக்கிறது. தமிழிலும் ஏ. கே. செட்டியார் உலகையே சுற்றிவந்து எழுதினார், சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரிக் கரை நெடுகப் பிரயாணம் செய்து ஒரு நூல் தந்தார்கள். ஆனால் அந்தப் பிரயாண ரஸம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரவில்லை.

'அது அவர்கள் சரித்திரம், நமக்கென்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட மராட்டியரின் 12 கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது செஞ்சி. சிவாஜி 1677-இல் கைப்பற்றி, அவருடைய புதல்வர் ராஜாராம் மொகலாய சைனியத்தை வருஷக்கணக்காக எதிர்த்து நின்ற அதே செஞ்சிதான். ராய்கட்டிலிருந்து செஞ்சி வரை ஒரே சரித்திரம் ஓடுகிறபோது, லோஹகட் ஏறும் தமிழ்ச் சிறுவன் அங்கே அந்நியனாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

இவ்வளவும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் சொன்னது. அங்குள்ளவர்களுக்குக் குறை மனத்திலே தவிரப் பணத்திலே இல்லை. விரும்பினால் நாளைக்கே புறப்படலாம். செம்பூர்க்காரர்கள் மலைவரை போகாவிட்டாலும், கார்த்திகை முதல் வைகாசி வரை தாணா கழிமுகச் சேற்றில் ஆயிரமாயிரமாக வந்து இறங்கும் பூநாரைகளையாவது சிவ்ரிக் கரையில் நின்று பார்க்கலாம். 2015-இல் சரணாலயமாகவும் 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் கழிமுகம் அவர்கள் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. என் மனத்தை உறுத்துவது தாராவியின் கதை.

தாராவிக்கு எதிரே, சயான்-பாந்திரா இணைப்புச் சாலைக்கு அப்பால், மிட்டி நதியின் கரையில் 37 ஏக்கர் பரப்பில் ஒரு காடு இருக்கிறது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். அது ஆதியில் காடு அல்ல. நகரத்தின் குப்பையெல்லாம் வந்து விழுந்து மலையாகக் குவிந்து நாறிய இடம். குப்பை கொட்டுவது நின்ற பிறகு, 1983-இல், பறவையியல் மேதை சாலிம் அலி அங்கே முதல் மரக்கன்றை நட்டார். 1994-இல் பூங்கா பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அந்தக் குப்பைமேட்டின்மேல் நிழல் விழுகிறது, மூலிகைகள் முளைக்கின்றன, பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன, மழைநீர் ஒரு குளத்தில் சேகரமாகிறது. மனிதன் கெடுத்த நிலத்தை மனிதனே திருத்திக் காடாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தத்தை இந்தியாவில் நான் பார்த்ததில்லை. தாராவிப் புனரமைப்புத் திட்டத்தில் இந்தப் பூங்காவும் சேர்ந்துவிடுமோ என்று சிலகாலம் அச்சம் நிலவி, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சேராது என்று அரசுத் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் என்றைக்கும் நிற்க வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்குப் பின், 90 அடிச் சாலைப் பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நானும் என் சிநேகிதர் ஒருவரும் அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். வீட்டிலிருந்து கால் மணி நேர நடைதான். அவர்களில் ஒருவர்கூட அதுவரையில் உள்ளே போனதில்லை. "அது சர்க்கார் இடம், உள்ளே விடமாட்டாங்கன்னு நெனச்சேன், தாத்தா" என்றான் ஒரு பையன். அவனுடைய தகப்பனார் தோல் பை தைப்பவர். உள்ளே ஒரு மரத்தடியில் அவன் வெகுநேரம் அண்ணாந்து நின்றுவிட்டான். முசுறு எறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரங்களைக் காலாலும் வாயாலும் பற்றி இழுத்து நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, வேறு சில, தங்கள் புழுக்குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு வந்து, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டிழையை இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாறி மாறித் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. பையன் மெல்ல என் கையைத் தொட்டு, "தாத்தா, ஒருத்தன் புடிச்சுக்கிறான், ஒருத்தன் தைக்கிறான். எங்க அப்பாவும் சித்தப்பாவும் இப்படித்தான்" என்றான். இயற்கைப் பாடம் என்று பள்ளியில் பத்து மாதம் நடத்துவதை அந்தப் பிள்ளை பத்து நிமிஷத்தில் தானே நடத்திக்கொண்டான்.

அதே பிள்ளைகளை அடுத்த மாதம் போரிவலி தேசியப் பூங்காவுக்கும் அழைத்துப் போனோம். ஒரு மகாநகரத்தின் எல்லைக்குள்ளேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் சிறுத்தைகள் வாழும் இத்தகைய காடு உலகத்தில் வேறு எங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதன் நடுவே இருக்கிறது கான்ஹேரி. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னே தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் வருஷம் பௌத்த பிக்ஷுக்கள் வாழ்ந்த, கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அங்கே உள்ளன. வழிகாட்டிகள் எல்லோரும் பெரிய சைத்தியத்தையும் அதன் வாயிலில் நிற்கும் உயர்ந்த புத்தர் சிலைகளையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எங்களோடு வந்த பிள்ளைகளின் கண்ணில் பட்டது அது அல்ல. விடியற்காலம் குழாயடியில் குடம் வைத்து வரிசை பிடிப்பதே தினசரிக் கடமையாக உள்ள ஒரு சிறுமி, ஒரு குகையின் வாசலில் பாறையில் வெட்டியிருந்த சதுரக் குழியில் தெளிந்த நீர் நிற்பதைப் பார்த்தாள், அடுத்த குகைக்கு ஓடினாள், அங்கும் ஒரு தொட்டி, அதற்கடுத்ததிலும் ஒன்று. பாறையின் முகட்டில் மழைநீரைத் திருப்பித் தொட்டிக்குக் கொண்டுவர வெட்டிய மெல்லிய வாய்க்கால்களை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எங்களிடம் திரும்பி வந்து, "வீட்டுக்கு வீடு தனித் தொட்டியா, தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம், அம்மா, வீட்டுக்கு வீடு தனித் தொட்டி. அவளுக்கு நான் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மேலே ஏறினால், 1860-இல் நகரத்தின் தாகந் தீர்க்க வெட்டிய விஹார் ஏரி மரங்களுக்கப்பால் மின்னும். அந்த ஏரியும் பவாய் ஏரியும் நிறைந்து வழியும் நீர்தான் மிட்டி நதியாகப் புறப்பட்டு, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, கழிவையும் சாயத்தையும் சுமந்து கறுத்து, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தில் விழுகிறது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த நதி கரை கடந்து வீடுகளுக்குள் வந்ததைத் தாராவியின் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கோ அது ஒரு சாக்கடை. அதன் பெயரே அவர்களுக்கு 'நாலா'. அந்தச் சாக்கடை பிறக்கும் இடம் பச்சைக் காடு என்பதைக் கண்ணால் கண்ட ஒரு பிள்ளை, வளர்ந்த பிறகு அதைச் சாக்கடையாகவே விட்டுவைக்கச் சம்மதிப்பானா? நான் நம்பவில்லை. ஊரிலே தாமிரபரணியைத் தாய் என்று வணங்கிய குடும்பத்துப் பிள்ளை அவன்.

அபாயம் இல்லையா என்று பெற்றோர் கேட்பது நியாயம். இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறப் போன இளைஞரும் யுவதிகளுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 2024 ஜூன் 30-ஆம் தேதி லோணாவளாவில் பூஷி அணைக்கருகே, அருவி வழிந்தோடும் பாறையில் நின்றிருந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பேரைத் திடீரென்று பெருகிய வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் நெஞ்சம் இன்னும் நடுங்கும். இத்தகைய ஒவ்வொரு துயரத்துக்குப் பின்னும் ஜில்லா அதிகாரிகள் செய்வது ஒன்றுதான்: அருவிக்குப் போகாதே, கோட்டைக்கு ஏறாதே என்று தடை உத்தரவு போடுகிறார்கள். மழை வெறிகொண்டிருக்கும் சில நாட்களுக்குத் தடை அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழைக்காலம் முழுவதும், மலை முழுவதும் தடை என்று வைத்தால், உத்தரவை மதிக்கிறவன் வீட்டிலிருக்கிறான். மதிக்காதவன், ஒன்றும் தெரியாதவனாகவே, காவலர் இல்லாத வேறொரு வழியாக அதே அருவிக்குப் போய்ச் சேருகிறான். மலையேற வருகிறவர்களுக்குப் பிட்லா-பாக்ரி சமைத்துப் போட்டுப் பிழைக்கும் மலைக்கிராமத்துக் குடும்பமோ பட்டினி கிடக்கிறது. அறியாமை தருகிற அபாயத்துக்குத் தடை ஒருநாளும் மருந்தாகாது.

இவ்விஷயத்தில் நம்முடைய முன்னோர் நடந்துகொண்ட விதம் வேறு. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு உண்டு. 583 அடிகள் கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெற்று வரும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னனுடைய மலைநாட்டுக்குப் போகும் வழியைச் சொல்லுகிறான். தமிழ்ப் பண்டிதர்கள் அதை ஆற்றுப்படை என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மலை ஏறியவன் என்ற முறையில், அதை முதல்தரமான வழித்துணை நூல் என்றே நான் சொல்லுவேன். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் இருட்டில் போகாதே, விடிந்த பின் போ என்கிறது. பாம்பு உறையும் இடங்களைச் சொல்லுகிறது. தினைப்புனம் காப்பவர் யானையை விரட்ட வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், அப்போது எப்படி மறைந்துகொள்ள வேண்டும் என்று கற்பிக்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்லுகிறது. இரவில் தங்குமிடமும், சோறு போடும் குறவர் குடியும் அதில் உண்டு. மலைக்கே போகாதே என்று அந்தக் கூத்தன் ஓரிடத்திலும் சொல்லவில்லை; எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுக்கிறான். பூஷி அணைப் பாறையில் நின்றவர்களுக்கு, மேலே மலையில் மழை பிடித்தால் கீழே சில நிமிஷங்களில் நீர் ஏறும், நீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தால் அந்தக் கணமே கரையேற வேண்டும் என்று ஒரு கூத்தன் சொல்லியிருந்தால் போதுமே என்று நினைக்கும்போது மனம் தாங்கவில்லை.

இப்போது அரசாங்கங்களும் மெதுவாக அந்த வழிக்குத் திரும்புகின்றன. குரங்கணிக்குப் பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தார்கள். 2024 அக்டோபரில் 40 வழிகளைத் தேர்ந்து, மலைவாழ் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துத் திறந்தார்கள். மகாராஷ்டிரத்திலும் 2021-இல் சாகஸச் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. அது காகிதத்திலிருந்து கிராமத்துக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு கோட்டையின் அடிவாரத்திலும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர், அவருக்கு நியாயமான ஊதியம், அபாயமான அருவித்துறையில் கயிறும் காவலும்: இவை பெருஞ் செலவுகள் அல்ல.

மலையை அறிந்தவர்களின் உபயோகம் என்ன என்பதை இர்ஷால்வாடி காட்டிற்று. இர்ஷால்கட் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்து இளைப்பாறிய தாக்கர்களின் சிற்றூர் அது. 2023 ஜூலை 19-ஆம் தேதி இரவு மலை சரிந்து அதன்மேல் விழுந்தது. 27 சடலங்களை எடுத்தார்கள். காணாமற் போன 57 பேர் அந்த மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். யந்திரங்கள் ஏற முடியாத வழி, மழையோ விடவில்லை. அந்த நேரத்தில் மீட்புப் படையினருக்கு முன்னும் பின்னுமாக, இருட்டிலும் சேற்றிலும் வழி தெரிந்து ஏறிப்போனவர்களில், ஞாயிறுதோறும் அந்த மலையில் நடந்து பழகிய மலையேற்றச் சங்கத் தொண்டர்களும் இருந்தார்கள். பொழுதுபோக்கு என்று ஊரார் சொல்லிய பழக்கம் அன்றைக்கு மனித சேவையாக மாறிற்று.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. மும்பை மாநகராட்சி தமிழ் உட்படப் பல பாஷைகளில் பள்ளிகள் நடத்துகிறது. அப்பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் தாராவிக்கெதிரே உள்ள பூங்காவையும், ஏழாம் வகுப்பு முடிவதற்குள் கான்ஹேரியையும், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஸஹ்யாத்திரியில் ஒரு சிகரத்தையாவது ஆசிரியரோடு நடந்து பார்த்திருக்க வேண்டும் என்று மாநகராட்சி விதி செய்யட்டும். எண்ணும் எழுத்தும் எப்படியோ அப்படியே இதுவும் பாடத்திட்டத்தில் சேர வேண்டியதுதான். நம்முடைய சங்கங்களுக்கும், சமாஜங்களுக்கும், கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் நீங்கள் செய்யும் ஏற்பாடுகளை மெச்சுகிறவன் நான், அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வருஷத்துக்கு நான்கு தடவை தாராவிப் பிள்ளைகளையும் மாட்டுங்காப் பிள்ளைகளையும் செம்பூர்ப் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி மலைக்கு அனுப்புங்கள். மூன்று பேட்டைப் பிள்ளைகளும் ஒரு பாதையில் முன்னும் பின்னுமாக நடந்து, ஒரே பொட்டலத்துப் புளியோதரையைப் பங்கிட்டுச் சாப்பிட்டால், இத்தனை வருஷங்களாகக் கூட்டம் போட்டும் நாம் சாதிக்க முடியாத ஒற்றுமை அங்கே தானாக உண்டாகும்.

பெற்றோர் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாஹிம் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போரிவலி. கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் தேசியப் பூங்காவின் வாசல். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் காலுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பாகப் பார்த்துப் போடுங்கள். திங்கட்கிழமை மட்டும் பூங்கா திறப்பதில்லை.